விகாரமகாதேவி பூங்காவுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

2024 மார்ச் 2, காலை (வாசகர் கேள்வி)

சித்திரை லீவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வருகிறோம். நான், அவர், ஒன்பது வயது மகள், நாலு வயது மகன், முழங்கால் வருத்தம் உள்ள அம்மா. ஒரு பகல் முழுக்கக் கையில் இருக்கிறது. விகாரமகாதேவி பூங்காவுக்குப் போகலாம் என்பது என் எண்ணம். "அங்கே மரமும் காதல் சோடிகளும்தான், மோலுக்குப் போனால் ஏசியாவது இருக்கும்" என்கிறார் அவருடைய தம்பி. கொழும்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள், பகல் வீணாகிவிடுமா?

மார்ச் 2, பின்னேரம்

போங்கள், தங்கச்சி. யோசிக்கவே வேண்டாம்.

மரமும் சோடிகளும் இருப்பது உண்மை. இரண்டையும் குறையாக நான் நினைக்கவில்லை. ஆனால் அங்கே போய் "என்ன பார்க்கலாம்" என்று பட்டியல் தேடினால் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். அந்த இடத்துக்கு உட்காரத்தான் போக வேண்டும். முதலில் அம்மாவுக்கு நல்ல நிழலில் ஒரு வாங்கு (பெஞ்ச்) பாருங்கள், சிறுவர் விளையாடும் பக்கம் கண்ணில் படுகிற மாதிரி. பாயை விரித்து, தண்ணீர்ப் போத்தலை வைத்து, பையை இறக்குங்கள். மற்ற எல்லாரும் அங்கிருந்து போய்ப் போய் வரலாம். பெரும்பாலான குடும்பங்கள் இதை மாறித்தான் செய்கின்றன. பிள்ளை ஓடுகிற இடமெல்லாம் வயதானவரையும் இழுத்துக்கொண்டு போவார்கள். பதினொரு மணிக்குள் அவருக்குக் கால் வீங்கிவிடும், முகம் வாடிவிடும், பிறகு யாருக்கும் சந்தோஷம் இருக்காது.

பூங்காவுக்குள் நுழையக் காசு இல்லை. மோலில் அரை மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் ஒரு கோப்பியாவது வாங்க வேண்டும். ஐந்து பேருக்கு அது என்ன விலை வரும் என்று உங்களுக்கே தெரியும்.

மார்ச் 2, இரவு

நேரத்தைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. இரவு பஸ்ஸில் வந்தால் விடியும் முன்னே வெள்ளவத்தையில் இறக்கிவிடுவார்கள். நேராகப் பூங்காவுக்குப் போகாதீர்கள். சொந்தக்காரர் வீட்டில் குளித்து, சாப்பிட்டு, எட்டரை ஒன்பதுக்குப் புறப்படுங்கள். பதினொன்றரைக்குப் பிறகு கொழும்பு வெயில் வேறு மாதிரி. யாழ்ப்பாணத்து வெயில் சுடும், இங்கே அவிக்கும். நிழலில் இருந்தாலும் உடம்பு நனைந்துவிடும்.

ஏப்ரலில் பின்னேரம் மூன்று நாலு மணிக்கு இடியோடு மழை கொட்டுவது வழக்கம். அதனால் காலைதான் உத்தமம். வெள்ளவத்தையிலிருந்து மீட்டர் போட்ட ஆட்டோ எடுங்கள், இல்லையென்றால் பிக்மீ செயலியில் வண்டி கூப்பிடுங்கள். ஐந்து பேர் என்றால் கார் கேட்பதுதான் நல்லது. "டவுன் ஹோல் முன்னுக்கு" என்று சொன்னால் எந்த ஓட்டுநருக்கும் தெரியும்.

மார்ச் 3

மேலே ஒருவர் "சரித்திரப் பூங்கா என்கிறார்கள், அப்படி என்ன சரித்திரம்? ஒரு பழைய கல்லுக்கூட இல்லையே" என்று கேட்டிருக்கிறார். கல்லும் இருக்கிறது. சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அந்தப் பகுதி முழுக்க ஒல்லாந்தர் காலத்தில் கறுவா வளர்ந்த நிலம். கறுவாத்தோட்டம் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அதிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற பெரும் செல்வந்தர் நகரத்துக்குக் கொடுத்த காணியில்தான் இந்தப் பூங்கா எழுந்தது. கொழும்பில் பிறந்த எத்தனையோ பேருக்கு அவர் பெயர் வேறு வழியில் பழக்கம். டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனையில்தான் நாங்கள் பிறந்தோம்.

அப்போது அதற்கு விக்டோரியா பார்க் என்று பெயர். என் அப்பா கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னார். டவுன் ஹோலுக்குக் கிட்ட ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய், ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாராம். அலுவலகத்தில் கன்டீன் இருந்தது. "அங்கே கதைக்க வேண்டும், இங்கே வேண்டாம்" என்பார்.

இரண்டாம் உலகப் போரில் இராணுவம் பூங்காவை எடுத்துக்கொண்டது. 1942இல் மத்திய கிழக்கிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இலங்கையில் நிறுத்தப்பட்ட ஆஸ்திரேலியர்களின் 17ஆவது படையணி அங்கேதான் முகாமிட்டது. அந்த வருடம் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, யப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. போர் முடிந்து, திருத்தி, 1951இல்தான் மக்களுக்குத் திரும்பத் திறந்தார்கள்.

கல் கேட்டவருக்கு இது: பூங்காவில் உயரமாக ஒரு போர் நினைவுத் தூண் நிற்கிறது. எட்வின் லட்யென்ஸ் வடிவமைத்தது. புது டில்லியைத் திட்டமிட்டவர்களில் ஒருவர் அவர். பக்கத்துச் சுவரில் முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெரிய பிள்ளையாக இருந்தால் அங்கே நிறுத்திப் பெயர்களை வாசிக்க வையுங்கள்.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

அந்தத் தூணைப் பற்றிக் கீழே ஒருவர் "பூங்காவுக்கென்றே கட்டியது" என்று போட்டிருக்கிறார். இல்லை ஐயா. முதலில் அது காலிமுகத்திடலில் நின்றது. கடற்கரையில் அவ்வளவு உயரமாக நின்றால் யப்பானியருக்குக் குறிபார்க்க வசதியாகிவிடும் என்று பயந்து, போர்க்காலத்தில் கழற்றிக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். திரும்பக் கொண்டுபோகவில்லை.

டவுன் ஹோல் 1928இல் திறந்தது. வெள்ளைக் குவிமாடம். அதற்கு நேரெதிரே பூங்காவின் முகப்பில் பெரிய பொன்னிறப் புத்தர் சிலை. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் விக்டோரியா மகாராணி சிலை இருந்தது. எல்லாரும் படம் எடுப்பது அங்கேதான். எடுங்கள். ஆனால் சிலைக்கு முதுகு காட்டி நின்று எடுக்காதீர்கள், இங்கே அது மரியாதைக் குறைவு. பிள்ளைகளுக்கும் முதலே சொல்லிவையுங்கள்.

மார்ச் 5

சோடிகள் விஷயம். மூன்று பேர் அதையே எழுதியிருக்கிறீர்கள். "குடும்பத்தோடு போக முடியாத இடம்", "பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது" என்று.

குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைப் பற்றி என் பிள்ளைகள் சின்ன வயதில் கேட்டபோது "கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன். அதுதான் உண்மையும். அநேகமானவர்கள் போர்டிங் அறையில் நாலு பேரோடு இருப்பவர்கள், கடையில் வேலை செய்பவர்கள், தூர ஊரிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்கும் கூட்டிப்போக முடியாது, கடைக்குப் போகவும் காசில்லை. கொழும்பில் அவர்களுக்கு ஒரு வாங்கு கிடைக்கிறது. அதையும் பறிக்கச் சொல்கிறீர்களா? என்னால் அதற்குச் சம்மதிக்க முடியாது. பூங்கா பெரிது. நாம் சற்று அங்கால போய் உட்காரலாம்.

மார்ச் 9

வவ்வாலைப் பற்றி இத்தனை பேர் எழுதியும் ஒருவரும் சொல்லவில்லையே என்று இருந்தது. பூங்காவின் உயரமான மரங்களில் பழந்தின்னி வவ்வால்கள் கூட்டம் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும். பகலிலேயே பார்க்கலாம். முதலில் காய்ந்த இலைக் கொத்து என்றுதான் தோன்றும். பிறகு அதில் ஒன்று சிறகை விரித்து விசிறிக்கொள்ளும். சின்னவர்களுக்கு அப்போது வருகிற சத்தம் இருக்கிறதே!

சிறகை முழுக்க விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் வரும், உங்கள் மகனின் உயரத்தை விடக் கூட. அதைச் சொல்லி அவனைக் கையை நீட்டச் சொல்லுங்கள். வெயில் கூடும்போது சிறகால் விசிறித்தான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்கின்றன. பொழுதுபட்டதும் எழுந்து பழம் தேடிப் போகும், விடிய முன் அதே மரத்துக்குத் திரும்பும். பழத்தைத் தின்று கொட்டையை வேறு எங்கோ போடுவதால்தான் எத்தனையோ மரங்கள் முளைக்கின்றன. பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோவதும் இவைதான். வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அந்தக் குட்டியை நெஞ்சில் சுமந்துகொண்டே பறக்கும். கல்லெறிகிற பையன்களைக் கண்டால் நான் அதட்டிவிடுவேன். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்ப்பதில்லை.

உருப்படியான ஒரு யோசனை: வவ்வால் இருக்கும் மரத்துக்கு நேர் கீழே பாய் விரிக்காதீர்கள். வேண்டாம் என்பதற்குக் காரணம் நிலத்தைப் பார்த்தாலே தெரியும்.

மார்ச் 9, இரவு

மரங்கள் என்று சொல்லிவிட்டு வவ்வாலோடு நின்றுவிட்டேன். நீங்கள் வரும் காலம் நல்ல காலம். மார்ச், ஏப்ரல், மே முற்பகுதி வரைக்கும் பூக்கும் மரங்கள் அங்கே பூத்துத் தள்ளும். பூங்காவைச் சுற்றியுள்ள கறுவாத்தோட்டத்து வீதிகளில் குடை விரித்தாற்போல நிற்பவை தூங்குமூஞ்சி மரங்கள். பின்னேரம் ஆனதும் இலையை மடக்கிக்கொள்ளும், மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் மடக்கும். தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம். அங்கிருந்தே வந்த நாகலிங்க மரத்தையும் கொழும்பில் பல இடத்தில் பார்க்கலாம். பூ கிளையில் வராமல் அடிமரத்திலேயே கொத்தாக வரும், காய் பீரங்கிக் குண்டு அளவு. கோயில் பக்கம் வளர்ந்த அம்மாவுக்கு அந்தப் பூவைக் காட்டினால் கையில் வாங்கிக் கும்பிடுவார், பாருங்கள்.

மார்ச் 12

குட்டி ரயில், குதிரைக்குட்டிச் சவாரி, படகு என்று கேட்டு வந்த தகப்பனுக்கு:

என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் ரயில் ஓடியது. ஊஞ்சல், சறுக்கல், சீசோ எல்லாம் சிறுவர் பகுதியில் உண்டு. மற்றவற்றில் எது என்று ஓடும் என்பதை அன்று போய்த்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகளிடம் "ரயிலில் ஏற்றுவேன்" என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிவராதீர்கள். "மரத்துக்கடியில் சாப்பிடப் போகிறோம்" என்று சொல்லிக் கூட்டிவாருங்கள். ரயில் ஓடினால் அது மேலதிக சந்தோஷம்.

மார்ச் 13

நேற்று எழுதியதை இரவு திரும்ப வாசித்தேன். அந்தத் தகப்பன் மறுபடி எழுதியிருக்கிறார்: "அக்கா, நான் மருதானையில் லொறிக்குச் சாமான் ஏற்றுகிறேன். கிழமைக்கு ஒரு நாள்தான் மகளோடு. அவளுக்கு அந்த ஊஞ்சல் பூங்காவில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் ஊஞ்சல் கட்ட ஓர் இடமும் இல்லை." கொழும்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு: தோட்டம் என்றால் இங்கே வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், பொதுக் குழாய், பொதுக் கழிவறை உள்ள குடியிருப்பு. செடி வளர்க்கும் தோட்டம் என்று நினைக்காதீர்கள்.

ஆகவே ஊஞ்சலை நான் இரண்டாம் பட்சமாக வைத்து எழுதியது என் வீட்டு நிலைமையை வைத்து. எங்களுக்கு வெள்ளவத்தையில் ஒரு சின்ன முற்றம் இருந்தது, கடற்கரை நடை தூரத்தில் இருந்தது. அது இல்லாத பிள்ளைக்கு ஊஞ்சல்தான் பூங்கா. தம்பி, நீங்கள் அவளை ஏற்றி வைத்துத் தள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரிசை நீளம். காலை எட்டு மணிக்குப் போனால் அவள் கை ஓய்கிற வரைக்கும் ஆடலாம்.

யாழ்ப்பாணத்துத் தங்கச்சிக்கு என் யோசனை மாறவில்லை. உங்கள் வீட்டு மாமரத்தில் எப்படியும் ஓர் ஊஞ்சல் தொங்கும்.

மார்ச் 17

பெயரைப் பற்றிய சண்டையை நான் இதில் எதிர்பார்க்கவில்லை. வந்துவிட்டது, சரி. "துட்டகைமுனுவின் தாயின் பெயர் வைத்த இடத்துக்கு நாங்கள் ஏன் போக வேண்டும்" என்று ஒருவர். "அப்படிக் கேட்பதே பிழை" என்று இன்னொருவர்.

நான் என் மகளுக்கு அந்தப் பூங்காவிலேயே இருந்து கதை சொன்னேன். களனி அரசனின் மகள் விகாரமகாதேவி. தகப்பன் செய்த பாவத்துக்குக் கடல் பொங்கி ஊருக்குள் வந்தபோது, ஊரைக் காக்கத் தன்னையே கொடுக்கிறேன் என்று படகில் ஏறிக் கடலில் போன பெண். படகு தெற்கே உருகுணைக் கரையில் ஒதுங்க, அந்த நாட்டு அரசன் காவன்தீசன் அவளை மணந்தான். மகன் துட்டகைமுனு, அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனோடு போர் செய்து வென்றான். இதெல்லாம் இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் கதை.

அதே மகாவம்சம்தான் எல்லாளனைப் பற்றியும் சொல்கிறது: 44 வருடம் நீதியோடு ஆண்டான், படுக்கைத் தலைமாட்டில் மணி கட்டி வைத்தான், தன் மகன் தேரேற்றிக் கன்றைக் கொன்றபோது பசு வந்து மணியை அடித்தது, மகனையும் அதே தேர்ச்சில்லில் கொன்றான் என்று. மனுநீதிச் சோழன் கதை பிள்ளைகளுக்குத் தெரியும். அதே கதை பாளியில் எழுதிய நூலிலும் இருப்பது தெரியாது. எல்லாளன் விழுந்த இடத்தில் துட்டகைமுனு அவனுக்கு மரியாதையாக ஈமக்கிரியை செய்து, நினைவுச் சின்னம் எழுப்பி, அந்த வழியாகப் போகிறவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளையிட்டான் என்பதும் அதிலேயே வருகிறது.

இரண்டு பக்கத்தையும் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே போகாமல் இருந்தால் யாருக்கு நட்டம்? மரம் எல்லாருக்கும் ஒரே நிழலைத்தான் கொடுக்கிறது. எங்கள் அப்பா உட்கார்ந்த மரத்தடியை நான் எந்தப் பெயருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதற்கு மேல் இந்த விஷயத்தில் எழுதப் போவதில்லை.

மார்ச் 20

ஒன்பது வயது மகள் இருக்கிறாள் என்றீர்களே. பூங்காவோடு நிறுத்தாமல் அவளை மட்டும் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக அவரிடம் சொல்லுங்கள். பூங்காவிலிருந்து நடந்தே போகலாம். நீங்கள் மகனோடும் அம்மாவோடும் நிழலில் இருங்கள். இரண்டு மணி நேரம் இருவருக்கும் தாராளம்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனத்து அட்மிரல் செங் ஹே கொண்டுவந்து நிறுத்தியது. கல்லில் உள்ள ஆண்டு 1409. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெற்குக் கரையோரத் தெவிநுவரைக் கோயிலில் இருந்த தெனவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில். 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அறுநூறு வருடத்துக்கு முன் சீனத்திலிருந்து கப்பலில் வந்தவன் இந்தத் தீவில் பேசுவதற்குத் தமிழ் வேண்டும் என்று தெரிந்து வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். எழுத்துத் தேய்ந்திருக்கிறது, பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பிறகு கண்டி அரசர்களின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாகக் கொடுத்தது. 1815இல் கண்டி விழுந்ததும் ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வின்ட்சர் மாளிகையில் வைத்திருந்தார்கள். 1934இல்தான் திரும்பி வந்தது. அதில் கடைசியாக உட்கார்ந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம், வேலூரில் சிறைவாசத்திலேயே 1832இல் இறந்தவன்.

பொலன்னறுவை வெண்கல நடராசரைத் தவறவிடாதீர்கள். என் மாமியார் அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டார். காவலாளி ஒன்றும் சொல்லாமல் தள்ளி நின்றார்.

மார்ச் 20, இன்னும் கொஞ்சம்

அருங்காட்சியகத்தைக் கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார், கொழும்பு முஸ்லிம் மேஸ்திரி. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1877 ஜனவரி 1 திறந்தது. கட்டி முடித்ததும் "உமக்கு என்ன வேண்டும்" என்று ஆளுநர் கேட்க, "வெள்ளிக்கிழமையில் மூடி வையுங்கள்" என்று கேட்டாராம். நீண்ட காலம் வெள்ளியில் மூடியிருந்ததற்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். தனக்கு என்று காணியோ பணமோ கேட்காத அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதே 1877இல்தான் ஆனந்த குமாரசுவாமி கொழும்பில் பிறந்தார். அந்த அருங்காட்சியகத்து வெண்கலச் சிலைகளைப் பற்றி 1914இல் நூல் எழுதியவர் அவர். பூங்காவின் ஓரமாக ஓடும் வீதிக்கு இன்று அவர் பெயர். பழையவர்கள் கிரீன் பாத் என்பார்கள். ஓவியர்கள் நடைபாதையில் படங்களை வேலியில் சாய்த்து விற்பதும் அந்த வீதியில்தான். வாங்காவிட்டாலும் நின்று பாருங்கள். கேட்டால் எப்படி வரைந்தார்கள் என்று சொல்வார்கள், பிள்ளைகளிடம் இன்னும் விருப்பமாகச் சொல்வார்கள்.

மார்ச் 24

சாப்பாடு. வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் கொழும்பு காலியாகிவிடும். எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள், கடைகள் பூட்டு. கச்சான், அன்னாசித் துண்டு, மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கிறவர்கள் மற்ற நாளில் இருப்பார்கள், அந்த நாட்களில் நம்ப முடியாது. வீட்டிலிருந்தே கட்டுங்கள். புளிச்சாதமோ, இடியப்பம் சம்பலோ, வாழையிலையில் கட்டிக்கொள்ளலாம். ரோல்ஸ், கட்லட் வெள்ளவத்தையில் காலையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

காகங்கள் கவனம். கொழும்புக் காகத்துக்குப் பயம் கிடையாது. சின்னவன் கையில் ரோல்ஸைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். சாப்பிட்ட இலையையும் பையையும் கட்டித் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மகரகமவிலிருந்து வருவதாக எழுதியவருக்கு: 138ஆம் இலக்க பஸ், நூலகத் தரிப்பிடத்தில் இறங்கினால் போதும்.

ஏப்ரல் 6

தங்கச்சி எழுதியிருக்கிறார். 11ஆம் திகதி வருகிறார்களாம். மைத்துனரும் கூட வருகிறாராம், மோல் பேச்சை விட்டுவிட்டாராம். கேள்விகள் இரண்டு: மழை வந்தால் என்ன செய்வது, பையன் துடுப்பும் பந்தும் கொண்டுவரலாமா.

மழைக்கு: பக்கத்திலேயே கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. 1925இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 1980இல் திறந்தது. தமிழ்ப் புத்தகங்களும் உண்டு, சிறுவர் பகுதியும் உண்டு. யாழ் நூலகத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அங்கே போக ஆசை இருக்கும். ஆனால் 11ஆம் திகதி வருடப்பிறப்புக்குக் கிட்ட வருகிறது. நூலகம், அருங்காட்சியகம் இரண்டும் அன்று திறந்திருக்கிறதா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இடி முழங்கத் தொடங்கினால் மரத்தடியில் நிற்கவே வேண்டாம். அம்மாவை முதலில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் போங்கள், பாயும் பையும் நனைந்தால் நனையட்டும்.

பந்துக்கு: ஒரு காலத்தில் அந்தப் பூங்காவுக்குள்ளேயே கிரிக்கெட் மைதானம் இருந்து, முதல்தரப் போட்டிகள் நடந்திருக்கின்றன. அந்த மைதானம் இன்றில்லை. நாலு வயதுக்காரன் என்றால் ரப்பர் பந்து போதும். துடுப்பை வைத்துவிட்டு வாருங்கள், வாங்குகளில் வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவுக்கு ஒரு சின்னத் தலையணையும் எடுத்து வையுங்கள், வாங்கு கடினம்.